ட்ரோலுக்குத் தீ வைத்தேன், டிஎம் ரத்து செய்துவிட்டார்

அண்ணே, ஒரு பஞ்சாயத்து. டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம். போன ஞாயிறு எங்கள் பார்ட்டி, அதாவது எங்கள் கேரக்டர் கும்பல், ட்ரோல் என்ற அரக்கனிடம் மாட்டிக்கொண்டது. வெட்டிய இடமெல்லாம் மூடிக்கொண்டே வருகிறது என்று டிஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துகிறவர்) வர்ணித்ததும், தீப்பந்தத்தால் அதை அடிக்கிறேன் என்றேன். என் கேரக்டர் மலையடிவாரத்தில் ஆடு மேய்த்தவன், இன்டெலிஜென்ஸ் 8, புத்தி கொஞ்சம் மந்தம். "ட்ரோலுக்கு நெருப்பு ஆகாது என்று உன் கேரக்டருக்கு எப்படித் தெரியும்? இது மெட்டாகேமிங், கேரக்டருக்குத் தெரியாததை நீ தெரிந்து வைத்துக்கொண்டு ஆடுவது" என்று டிஎம் அந்த அடியையே ரத்து செய்துவிட்டார். அப்புறம் நாலு ரவுண்டு ஒன்றும் தெரியாதவன் போல வாளாலேயே வெட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கிளெரிக் (மந்திரம் தெரிந்த பூசாரி கேரக்டர்) செத்துப்போனாள். யார் மேல் தப்பு?

மார்ச் 3

டிஎம் மேல்தான். கணக்கைப் பாருங்கள் தம்பி. 2014 மான்ஸ்டர் மேனுவல் என்ற அரக்கர் கையேட்டின்படி ட்ரோலுக்கு 84 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி). அதன் டர்ன் வரும்போதெல்லாம் 10 திரும்பி வரும். தீயோ அமிலமோ பட்டால் அடுத்த டர்னுக்கு மட்டும் அது நிற்கும். பூஜ்யத்தில் கிடக்கும்போது அப்படி நின்றால்தான் ட்ரோல் சாகும், இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடும். எரியும் தீப்பந்தத்தால் அடித்தால் 1 புள்ளி சேதம். அந்த ஒன்றே போதும். நாலு ரவுண்டில் 40 புள்ளி வரை ட்ரோலுக்குத் தானம் செய்திருக்கிறீர்கள், கிளெரிக் செத்தது அந்த 40இல்தான்.

மலையடிவாரத்தில் ஆடு மேய்த்தவன் ராத்திரியில் ஓநாய் வந்தால் என்ன செய்வான்? கையில் இருக்கும் பந்தத்தைத்தான் நீட்டுவான். ட்ரோல் என்ற பெயரையே கேள்விப்படாதவனாக இருந்தாலும் அதையேதான் செய்வான்.

மார்ச் 3, இரவு

ஒன்று மட்டும் உங்கள் டிஎம்மிடம் கேட்டுச் சொல்லுங்கள். எத்தனையாவது ரவுண்டிலிருந்து நெருப்புக்கு அனுமதி? முதல் ரவுண்டில் கூடாது, சரி. நாலாவதில்? ஏழாவதில்? அந்த எண்ணை யார் முடிவு செய்வது?

மார்ச் 4

நேற்று ராத்திரி கேட்டது விளையாட்டுக்கு இல்லை. முழுச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

டி அண்ட் டி என்றால் என்னவென்றே தெரியாத ஒருவரை உங்கள் இடத்தில் உட்கார வையுங்கள். வாள் வேலைக்கு ஆகவில்லை என்று தெரிந்ததும் அவர் எதையாவது முயன்று பார்ப்பார். கல்லை உருட்டுவார், கயிற்றைப் போடுவார், ரெண்டாவது ரவுண்டிலேயே பந்தத்தைக்கூட எடுக்கலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும் என்பதால் அந்தத் தற்செயல் உங்களுக்கு மட்டும் தடை. கல், கயிறு, குழி எல்லாம் சரி, நெருப்பு மட்டும் ஆகாது. கடைசியில் உங்கள் ஆட்டுக்காரன் அந்த உலகத்திலேயே நெருப்பைத் தொடாத ஒரே ஆட்டுக்காரன் ஆகிவிடுகிறான். அவனை அப்படி நடக்க வைப்பது எது? அவனுக்குத் தெரியாத விஷயம், அதாவது ட்ரோலுக்கு நெருப்பு ஆகாது என்பதுதான். தெரியாதது போல நடிப்பதும் மெட்டாகேமிங்தான், திசை மட்டும் வேறு.

நானும் இப்படி நடந்திருக்கிறேன். ஏற்கெனவே ஆடிய ஒரு நிலவறைக்குள் வேறொரு கும்பலோடு மறுபடி இறங்கினேன், நடைபாதையில் எந்தக் கல்லுக்குக் கீழே குழி என்று எனக்குத் தெரியும். நேர்மையைக் காட்டுவதற்காக என் கேரக்டரை அதே கல்லின் மேல் நடத்தி, விழுந்து, காலை முறித்துக்கொண்டேன். டிஎம்முக்கு மகா சந்தோஷம். ஆனால் அது என்ன தெரியாமையா? பாதையின் அகலத்துக்குப் பல கல் இருக்கும்போது குறிபார்த்து அதையே மிதித்தேனே.

மார்ச் 5

"தெரிந்ததைத் தெரியாதது போல ஆட வேண்டும், விளையாட்டு தொடங்கிய நாளிலிருந்து இதுதான் விதி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. டி அண்ட் டியை உருவாக்கிய கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் முதல் மூன்று சிறு புத்தகங்களைக் கொண்டுவந்தார்கள். அட்வான்ஸ்டு டி அண்ட் டி வந்தபோது 1977இல் மான்ஸ்டர் மேனுவல், 1978இல் பிளேயர்ஸ் ஹேண்ட்புக், 1979இல் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு. அடி விழுமா விழாதா என்று பார்க்கும் அட்டவணையே இந்தக் கடைசிப் புத்தகத்தில்தான் இருந்தது, பிளேயர் கையில் இல்லை. டிஎம் அல்லாத ஒருவர் இந்தப் புத்தகத்தை வைத்திருந்தால் அவர் கௌரவமான சாவுக்குக்கூட லாயக்கில்லை என்று கைகாக்ஸ் அதில் அரைக் கிண்டலாக எழுதியிருக்கிறார்.

அதாவது அவர் புத்தகத்தைத்தான் பூட்டினார். தெரிந்ததைத் தெரியாதது போல நடி என்பது வேறு சமாச்சாரம். அதே மனிதர் 1975இல் ஆரிஜின்ஸ் என்ற விளையாட்டு மாநாட்டில் நடத்திய டூம் ஆஃப் ஹாரர்ஸ் என்ற சாகசம் (1978இல் அச்சில் வந்தது) கேரக்டரின் எண்களைச் சட்டையே செய்யாது. மேசையில் உட்கார்ந்திருக்கும் ஆளின் மூளையைத்தான் சோதிக்கும். உங்கள் ஃபைட்டரின் இன்டெலிஜென்ஸ் 6 ஆக இருந்தாலும் புதிரை நீங்கள் அவிழ்க்கலாம், அவிழ்த்தே ஆக வேண்டும். பழைய பாணியில் ஆடுகிறவர்கள் இன்றும் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மாட் ஃபின்ச் 2008இல் எழுதிய சின்னக் கையேட்டில் பிளேயரின் திறமைதான் முதலில், கேரக்டர் ஷீட், அதாவது கேரக்டரின் எண்கள் உள்ள தாள், அப்புறம்.

பூட்டு எத்தனை நாள் தாங்கும்? ஒரு மேசையில் பிளேயராக இருப்பவர் இன்னொரு மேசையில் டிஎம். இப்போது எல்லார் கையிலும் போன் வேறு.

மார்ச் 5, மதியம்

பூட்டை ஒழுங்காகப் பயன்படுத்தியது 1984இல் வந்த பாரனோயா என்ற இன்னொரு கதை விளையாட்டு ஒன்றுதான். அதில் விதிகள் தெரியும் என்று காட்டிக்கொண்டாலே ராஜத்துரோகம், அந்த உலகத்தை ஆளும் கம்ப்யூட்டர் சுட்டுத் தள்ளிவிடும். பிளேயர் விதியைச் சொல்லி வாதாடினால் டிஎம் சிரித்துக்கொண்டே "அது உங்களுக்கு எப்படித் தெரியும், குடிமகனே?" என்று கேட்பார். அங்கே அந்தக் கேள்விதான் விளையாட்டே. உங்கள் டிஎம்மை அங்கே அனுப்பி வையுங்கள், பிழைத்துக்கொள்வார்.

மார்ச் 6

"சரி, கிளெரிக்கை உயிர்ப்பிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ரெய்ஸ் டெட் என்ற ஐந்தாம் நிலை மந்திரம் உண்டு. 500 தங்கக் காசு பெறுமான வைரம் வேண்டும், செத்து 10 நாளுக்குள் செய்ய வேண்டும். பக்கத்து நகரத்தில் கோயிலைத் தேடுங்கள். நீங்கள் ஆட்டுக்காரனை வைத்துக்கொண்டு ஊர் ஊராக வைரம் விசாரிக்கும்போது "இது உன் கேரக்டருக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு டிஎம்மும் கேட்க மாட்டார் பாருங்கள்.

இது ஏன் என்று யோசித்தால், மெட்டாகேமிங் என்ற குற்றச்சாட்டு தெரிந்த விஷயம் சரியாக இருக்கும்போது, அதுவும் டிஎம் தயாரித்து வைத்த சண்டை சீக்கிரம் முடிந்துவிடும்போதுதான் வருகிறது. தப்பாகத் தெரிந்ததை யாரும் கேட்பதில்லை. எங்கள் மேசையில் ஒரு ராட்சசன் வந்தான். டி அண்ட் டி ராட்சசனைப் பார்த்திருக்கிறீர்களா? புலித் தலை, பட்டு அங்கி, உள்ளங்கை புறங்கை மாறிய கைகள். 1977 மான்ஸ்டர் மேனுவலிலேயே உண்டு, அதில் கிளெரிக்கின் ஆசி பெற்ற குறுக்கு வில் அம்பு பட்டாலே செத்துவிடுவான். ஐந்தாம் பதிப்பின் 2014 மான்ஸ்டர் மேனுவலில் ஆறாம் நிலை வரையிலான மந்திரம் அவன் விரும்பினால் ஒழிய ஏறாது. நல்லவர் கையில் உள்ள மாயக் குத்து ஆயுதம்தான் அவனுக்குப் பலவீனம். பெயரைக் கேட்டதும் எங்கள் ஆட்கள் எல்லாரும் பாட்டி சொன்ன கதைகளுக்குப் போய்விட்டார்கள். வரம் வாங்கியிருப்பான், எந்த வரம் என்று கண்டுபிடிக்க வேண்டும், உயிரை வேறெங்காவது ஒளித்து வைத்திருப்பான், ஏழு கடல் தாண்டிக் கிளி இருக்கும். ஒரு முழு செஷனும் கிளி தேடியே போயிற்று. அந்த உலகத்தில் பிறந்த எங்கள் கேரக்டர்களுக்கு ஏழு கடலும் தெரியாது, கிளியும் தெரியாது. சுத்தமான மெட்டாகேமிங். டிஎம் விழுந்து விழுந்து சிரித்தார், ஒன்றையும் ரத்து செய்யவில்லை.

மார்ச் 8

"அப்படியானால் எதையும் பிரிக்கவே வேண்டாமா?" இல்லை, வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பெயரில் திட்டுவதால்தான் குழப்பம்.

ட்ரோலுக்கு நெருப்பு என்பது உலகத்தைப் பற்றிய தகவல், அதில் திருட்டு எதுவும் இல்லை. எனக்கு நிஜமாகவே எரிச்சல் வருவது அடுத்த அறையில் நடந்ததைக் கேட்டுவிட்டு ஆடுவது. எங்கள் ரோக் (திருட்டுக் கை கேரக்டர்) தனியாகப் போய் ஒரு மரகதத்தை உள்பைக்குள் போட்டுக்கொண்டான், மேசையில் எல்லாரும் கேட்டோம். அடுத்த காட்சியில் பாலடின் என்ற தர்ம வீரனுக்குத் திடீரென்று எல்லார் பையையும் சோதிக்கத் தோன்றிவிட்டது. "சும்மா, பாதுகாப்புக்கு." அந்த மரகதம் எப்போது எப்படி வெளியே வரும் என்பது ரோக் ஆடுகிறவருடைய சொத்து. ஒருவர் மெதுவாகக் கட்டிக்கொண்டு வந்ததை இன்னொருவர் தட்டிப் பறித்த கதை அது.

இன்னொரு நாள், சத்திரக்காரன்தான் கொலையாளி என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, எங்கள் கிளெரிக்குக்கு மட்டும் தெரியாது. அவளை ஆடியவர் என்ன செய்தார் தெரியுமா? அவனோடு உட்கார்ந்து கஞ்சி குடித்தாள், தனியாகப் படுக்கிறேன், கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை என்று அவனிடமே புலம்பினாள். மேசையே தலையில் கைவைத்துக்கொண்டது. அவருக்குத் தெரிந்ததால்தான் அவ்வளவு அழகாகப் போய் மாட்டிக்கொள்ள முடிந்தது. கூத்தில் துரியோதனன் கட்டுகிறவருக்குப் பதினெட்டாம் நாள் தெரியாதா என்ன? தெரிந்துதான் முதல் ராத்திரி அப்படிக் கர்ஜிக்கிறார்.

இரண்டு பேரும் கேட்டது ஒரே வகை ரகசியம்தான். பாலடின் அதை வைத்து இன்னொருவரின் காட்சியை மூடினார், கிளெரிக் தன் கேரக்டரை ஆபத்தில் தள்ளி எல்லாருக்கும் ஒரு காட்சியைத் திறந்துவிட்டார்.

மார்ச் 8, கொஞ்ச நேரம் கழித்து

மூன்றாவது வகை ஒன்று விட்டுப்போனது, அதுதான் ஆளைக் கொல்வது. "இதை நம்மால் ஜெயிக்க முடியாது என்றால் டிஎம் கொண்டுவந்திருக்க மாட்டார்." 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு மெட்டாகேமிங்கைப் பற்றிப் பேசும் இடத்தில் இந்த மாதிரி நினைப்பைத்தான் உதாரணமாகக் காட்டுகிறது. ஆனால் மேசையில் யாரும் இதைக் குற்றமாகவே பார்ப்பதில்லை. ரெண்டாம் நிலையிலேயே இருந்த கத்துக்குட்டிப் பார்ட்டி ஒன்று வயசான டிராகனின் குகைக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய கேரக்டர்களுக்கு டிஎம் என்று ஒருவர் இருப்பதே தெரியாது, ஆனால் அந்த நம்பிக்கையில்தான் போனார்கள். நாலு கேரக்டர் ஷீட்டையும் அன்றைக்கே கிழித்தோம்.

மார்ச் 9

"டைஸை டிஎம்மே மறைவாகப் போட்டால் தீர்ந்தது" என்பவருக்கு. பாதி தீரும். பெர்செப்ஷன் (ஏதாவது கண்ணில் படுகிறதா என்று பார்க்கும் உருட்டல்) போடச் சொல்லி 3 விழுந்து, "ஒன்றும் தெரியவில்லை" என்று டிஎம் சொன்ன அடுத்த நொடி எல்லாரும் கூரையை அண்ணாந்து பார்ப்பது எல்லா மேசையிலும் நடக்கும் நகைச்சுவை. இதற்காகத்தான் பாசிவ் பெர்செப்ஷன் இருக்கிறது. 10உடன் போனஸைக் கூட்டி டிஎம் குறித்து வைத்துக்கொள்வார், உருட்டவே வேண்டாம், ஒளிந்திருப்பவன் இருப்பது யாருக்கும் தெரியாது. அதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு (2019) இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு விலங்கைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால் டிஎம் திரைக்குப் பின்னால் உருட்டுவார், மோசமாகத் தோற்றால் தப்பான தகவலைச் சரியானது போலவே சொல்வார்.

கொஞ்ச நாள் அப்படி நடத்தினேன். முறையாகத்தான் இருந்தது. ஆனால் டைஸ் தன் கையில் உருள வேண்டும் என்றுதான் பாதிப் பேர் வருகிறார்கள், அதைப் பிடுங்கிக்கொண்டால் முகம் வாடிவிடுகிறது. இப்போது பழையபடி வெளிப்படையாகவே போடச் சொல்கிறேன். இன்சைட்டில் (எதிராளியின் மனதை எடைபோடும் உருட்டலில்) 2 விழுந்ததும் "இவரைப் போல நல்ல மனிதரை நீ பார்த்ததே இல்லை" என்கிறேன், உருட்டியவரும் "அண்ணே, நீங்கதான் என் அண்ணன்" என்று வியாபாரியின் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

மார்ச் 9, இரவு

விளையாட்டு வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸ் 2001இல் இதைப் பற்றி எழுதியபோது, பிளேயர் எந்த இடத்தில் நின்று முடிவெடுக்கிறார் என்று பிரித்துக் காட்டினார். கேரக்டருக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து முடிவெடுப்பது ஒன்று. தனக்கு வேண்டியதை முதலில் முடிவு செய்துவிட்டு, கேரக்டர் அதை ஏன் செய்வான் என்ற காரணத்தைப் பின்னால் தேடுவது இன்னொன்று. ரெண்டாவதைத்தான் டிஎம்கள் மோசடி என்கிறார்கள், ஆனால் நல்ல காட்சிகளில் பாதி அப்படித்தான் பிறக்கிறது, கஞ்சி குடித்த கிளெரிக் உட்பட.

டன்ஜன் வேர்ல்டு என்ற விளையாட்டு (2012) இதை விதியாகவே வைத்திருக்கிறது. ஒன்றைப் பற்றி யோசித்துப் பார்த்தால் உருட்டு, நன்றாக விழுந்தால் டிஎம் உபயோகமான தகவல் ஒன்றைச் சொல்வார், சொல்லிவிட்டு "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கலாம். நீ பதில் சொல்ல வேண்டும். உங்கள் டிஎம் கேட்ட அதே கேள்வி! அவர் வாயை அடைக்கக் கேட்டார். நிஜமாகவே பதிலுக்காகக் கேட்டிருந்தால் ஆட்டுக்காரனுக்கு ஒரு தாத்தா கிடைத்திருப்பார், அந்தத் தாத்தாவின் கை ஏன் ஒன்று மட்டும் என்ற கதை கிடைத்திருக்கும், ட்ரோலைத் துரத்த இன்னொரு காரணமும் கிடைத்திருக்கும்.

மார்ச் 12

ட்ரோலுக்கு நெருப்பை எடுத்துவிட்டு வேறு எதையாவது வைத்துவிடுங்கள் என்ற யோசனையைச் செய்து பார்த்தாயிற்று. உப்பு வைத்தேன். பழம் தின்று கொட்டை போட்ட ஆள் ஒருவர் மூட்டை மூட்டையாக எண்ணெய் கொண்டுவந்து எரித்துக்கொண்டிருந்த காட்சி இருக்கிறதே, அதற்காகவே செய்யலாம். ஆனால் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். அப்புறம் எதைப் பார்த்தாலும் "இதிலும் ஏதோ மாற்றியிருப்பார்" என்று யோசிக்கிறார்கள், மிருகங்களைப் பற்றித் தெரியட்டும் என்று நேச்சர் என்ற இயற்கை அறிவுத் திறனை எடுத்த ட்ரூயிட் (காட்டு மந்திரவாதி) ஏமாந்து நிற்கிறார்.

ஹிக்மன் தம்பதி 1983இல் ரேவன்லாஃப்ட் என்ற டி அண்ட் டி சாகசத்தில் செய்தது இதைவிடச் சுத்தம். ரத்தக்காட்டேரி ஸ்ட்ராடை வீழ்த்த வேண்டிய பொருள்கள் கோட்டையில் எங்கே இருக்கின்றன என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். 2016இல் வந்த அதன் புது வடிவமான கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராடிலும் குறிசொல்லி மேடம் ஈவா டரோக்கா சீட்டு போட்டுச் சொல்வாள். புத்தகத்தை மனப்பாடம் செய்தவருக்கும் வாள் எங்கே என்று தெரியாது. யாரும் நடிக்க வேண்டியதில்லை.

கால் ஆஃப் கத்துலு என்ற திகில் விளையாட்டு (1981) வேறு வழியில் போனது. அந்த மேசைக்கு வருகிற எல்லாருக்கும் கீழ்த்தளத்தில் என்ன இருக்கும் என்று தெரியும். அந்தப் பூதத்தின் பெயரே அட்டையில் இருக்கிறதே. ஆனால் கேரக்டர் ஷீட்டில் கத்துலு மித்தோஸ் என்ற அறிவு பூஜ்யத்தில்தான் தொடங்கும். அது ஏற ஏறப் புத்தி நிதானத்தின் உச்சவரம்பு 99இலிருந்து அதே அளவு குறையும். ஒரே அடியில் 5 புள்ளி நிதானம் போய்விட்டால் ஒரு இன்டெலிஜென்ஸ் உருட்டல் உண்டு, அதில் ஜெயித்தால் பார்த்தது என்னவென்று புரிந்துவிடும், பைத்தியம் பிடிக்கும். தோற்றால் தப்பித்தீர்கள். அங்கே தெரிந்துகொள்வதற்கு விலை, தெரியாமல் இருப்பதற்குக் கூலி. அதனால்தான் நூலகர் கேரக்டர் ஒருவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது யாரும் மெட்டாகேமிங் என்று பேசுவதே இல்லை. டி அண்ட் டியில் தெரியாதவனாக ஆடினால் ஹிட் பாயின்ட்தான் போகும், கைக்கு ஒன்றும் வராது. கூலி கொடுக்காமல் நடி நடி என்றால் யார் நடிப்பார்கள்?

மார்ச் 13

துப்பறியும் கதையை ஏற்கெனவே படித்துவிட்டவர் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: டிஎம்மிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் அப்படிப்பட்ட செஷனில் பார்பேரியனை (முரட்டு வீரனை) எடுத்துக்கொண்டு கதவு உடைக்கும் வேலையோடு நிறுத்திக்கொள்வேன். துப்பு கிடைக்கும் இடத்தில் வாயை மூடிக்கொள்வேன். இந்த ஒரு வகையில் மட்டும் பிரித்துத்தான் ஆக வேண்டும், இதில் எனக்கு ரெண்டாவது கருத்து இல்லை.

மார்ச் 17

வீட்டில் பிள்ளைகளுக்கு நடத்தும்போது எப்படி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் அக்கா மகன் மான்ஸ்டர் மேனுவலை அட்டை முதல் அட்டை வரை கரைத்துக் குடித்தவன். எந்த மிருகம் வந்தாலும் பக்கம் உட்பட ஒப்பிப்பான். முதலில் அடக்கப் பார்த்தேன், முடிகிற காரியமா? ஒரு கிழட்டு மிருக ஆராய்ச்சியாளரிடம் எடுபிடியாக இருந்த விசார்ட் (மந்திரவாதி) என்று அவன் கேரக்டரையே மாற்றிவிட்டேன். இப்போது அவன் தங்கை ஒவ்வொரு சண்டைக்கு முன்னாலும் "அண்ணா, இது என்ன செய்யும்?" என்று அவனைத்தான் கேட்கிறாள். போன வாரம் ஒரு காக்கட்ரைஸ் வந்தது. அது கொத்தினால்தான் கல்லாவோம். பார்வையால் கல்லாக்குவது பாசிலிஸ்க். பையன் ரெண்டையும் குழப்பிக்கொண்டு எல்லாரையும் கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டான். முழங்கால் உயரக் கோழி ஒன்றை மூன்று பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் துரத்தினார்கள், உருட்டியதெல்லாம் டிஸ்அட்வான்டேஜில் (ரெண்டு டைஸ் போட்டுக் குறைந்ததை எடுப்பது). நான் வாயே திறக்கவில்லை.